பாதயாத்திரையில் பாதியில் நிற்க நேர்ந்தால்: ஒரு நிகழ்வு ஆய்வு

தைப்பூசப் பாதயாத்திரை ஒன்றில் ஒருவருக்கு நேர்ந்ததும், அதைக் குழு கையாண்ட விதமும் இங்கே பதிவாகியிருக்கின்றன. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. அந்தக் குழுவின் முதலுதவிப் பை என் பொறுப்பில் இருந்தது. தொழிலால் நான் செவிலியர்.

பின்னணி

குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாகப் போகிற பாதை இது. அதே சாலையில் தை மாதம் நூற்றுக்கணக்கான சிறு குழுக்களும் நடக்கின்றன. எங்களுடையதும் அப்படியொரு குழு. 40 பேருக்கு மேல் இருந்தோம். முன்னால் குருசாமி, கடைசியில் சிவப்பு விளக்கோடு இரண்டு பேர், சமையல் சாமானும் துணிப்பைகளும் ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ. பின்னிரவு 3 மணிக்குக் கிளம்பி வெயில் ஏறும் முன் ஒரு நடை, மாலை 4 மணிக்கு மேல் இன்னொரு நடை. பகல் ஓய்வும் இரவுத் தூக்கமும் மடத்திலோ மண்டபத்திலோ. மாலை போட்டவர்கள் வெறுங்காலோடு நடப்பது குழுவின் வழக்கம். எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது.

இந்த ஆய்வுக்குரியவர் ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகனுக்கு டெங்கு வந்து ரத்தத்தட்டுகள் மிகவும் குறைந்திருந்த நேரத்தில், பிழைத்தால் நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். மகன் தேறிவிட்டான். மைத்துனர் ஏற்கெனவே எங்களோடு நடப்பவர் என்பதால், கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவர் மூலமாக வந்து சேர்ந்தார். குழுவினர் முன்கூட்டியே போகும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நடைகள் அதற்குள் முடிந்திருந்தன.

சேர்க்கைப் படிவத்தில் பெயர், வயது, கைபேசி எண், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என ஐந்து விவரங்கள் கேட்டிருந்தோம். ஐந்தையும் நிரப்பியிருந்தார். 11 வருடமாகச் சர்க்கரை இருப்பதும், காலையும் இரவும் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை எடுப்பதும், படுக்கும் முன் இன்சுலின் ஊசி போடுவதும் படிவத்தில் இல்லை. மறைத்தார் என்று சொல்ல முடியாது, யாரும் கேட்கவில்லை. மைத்துனருக்குத் தெரியும். “அதான் மாத்திரை சாப்பிடுறாரே” என்பதே அவருடைய கணக்கு.

கவனித்தவை

முதல் நாள் அவர் முன்வரிசையில் நடந்தார். புதிதாக வருபவர்கள் பிள்ளையார்பட்டி தாண்டியதுமே காலைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இவரிடம் அந்தப் பேச்சே இல்லை. முதல் தடவை வருகிறவர் மாதிரியே இல்லை என்று பாராட்டு கிடைத்தது.

இரண்டாம் நாள் காலை சிங்கம்புணரியில் ஓய்வு. அங்கே பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் சுடுதண்ணீர் ஊற்றிக் கல் உப்புப் போட்டு வைப்பார்கள். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து காலை நனைத்துக்கொள்ளலாம். அன்று அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை அப்படியே கவிழ்த்திருந்தார்கள். முதலில் உட்கார்ந்தவர் பெருவிரலை வைத்ததும் “ஸ்ஸ்” என்று இழுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் பச்சைத் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். இவர் இரண்டு காலையும் கணுக்கால் வரை இறக்கிவிட்டு, மைத்துனரிடம் பட்டறைக் கணக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

காலை உடனே வெளியே எடுக்கச் சொன்னேன். தோல் சிவந்திருந்தது, நல்லவேளையாக வெந்துபோகவில்லை. “சர்க்கரை இருக்கா சாமி?” என்று கேட்டதும் தயங்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் மெல்லத் தொட்டு, தெரிகிறபோது சொல்லுங்கள் என்றேன். ஆறு விரலில் இரண்டைத்தான் உணர்ந்தார். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், அரை நிமிடம் போதும். இரண்டு விரலோ அதற்கு மேலோ உணர்வு இல்லையென்றால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் சர்க்கரையில் நரம்பு பாதிக்கப்பட்டால் முதலில் போவது பாதத்தின் உணர்ச்சிதான். வலி தெரியாததால்தான் அவர் முன்வரிசையில் நடந்துகொண்டிருந்தார். சர்க்கரை அளவு 214 இருந்தது. அன்னதானப் பந்தலில் பானகம் குடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்ததால் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் முடிவு

நானும் குருசாமியும் மைத்துனரும் அவரும் உட்கார்ந்து பேசினோம். இதோடு நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் மறுத்துவிட்டார். குருசாமி, “வேண்டுதல் அவரோடது, நான் எப்படி நிறுத்தச் சொல்றது?” என்றார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தக் குழுவில் குருசாமியின் அதிகாரம் எந்த நேரத்துக்குக் கிளம்புவது, எங்கே தங்குவது என்பதோடு முடிகிறது. நேர்த்திக்கடன் அவரவருக்கும் முருகனுக்கும் இடையிலான விஷயம்.

கடைசியில் ஒரு நடுவழிக்கு வந்தோம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தம் செய்து கட்டுவது. அன்று மாலை சிங்கம்புணரியிலிருந்து சமுத்திராபட்டி வரையுள்ள நடையை லோடு ஆட்டோவில் கடப்பது. சர்க்கரைக்காரர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்பு அவர் வீட்டில் இருந்தது. மகன் அதை மறுநாள் காலை பஸ்ஸில் நத்தத்துக்குக் கொண்டுவருவது. சமுத்திராபட்டியிலிருந்து நத்தம் வரை மட்டும் தடித்த பருத்திக் காலுறை இரண்டு ஜோடி போட்டு நடப்பது. இது பாதுகாப்பான திட்டம் என்று யாரும் நினைக்கவில்லை. முழுசாக மறுத்தால் அவர் எங்களிடம் சொல்லாமல் தனியாக நடந்துவிடுவார் என்று மைத்துனர் உறுதியாகச் சொன்னார். அந்தச் சாலையில் தனியாக நடப்பதைவிட எங்கள் கண் முன்னால் நடப்பது மேல் என்பதே காரணம்.

பேச்சு முழுக்கப் பாதத்தைப் பற்றியே இருந்தது. ஆட்டோவில் ஏறுவதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது பேச்சில் வரவேயில்லை. இருட்டில் யாருக்கும் தெரியாமல் ஏறிக்கொள்கிறேன் என்று அவரே சொன்னபோது, அதை ஒரு வசதியாகத்தான் பார்த்தோம்.

மூன்றாம் நாள் விடியற்காலை

சமுத்திராபட்டியில் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. வண்டியில் வந்ததற்குப் பரிகாரமாக ஒருவேளை பட்டினி என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டார். இது பிறகு அவரே சொல்லித் தெரிந்தது. பந்தியில் அத்தனை பேர் மத்தியில் ஒருவர் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டை விட்டாரே ஒழிய மாத்திரையையும் ஊசியையும் விடவில்லை. வழக்கமான அளவிலேயே எடுத்துக்கொண்டார். மருந்தைத் தவறவிடக் கூடாது என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வளர்ந்த பழக்கம் அது.

நீண்ட தூரம் நடந்தால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அந்த விளைவு நடை முடிந்ததும் நின்றுவிடாது, மறுநாள் வரைக்கும்கூட நீடிக்கும். ஒன்றரை நாள் நடை, வெறும் வயிறு, முழு அளவு மருந்து. மூன்றும் அன்றிரவு ஒன்றாகச் சேர்ந்தன.

3 மணிக்குக் கிளம்பினோம். 4:30 வாக்கில், நத்தத்துக்குச் சற்று முன்பு, அவர் சாலையோரமாகத் தள்ளாடினார். கூட வந்தவர் கையைப் பிடித்தபோது எரிச்சலாகத் தட்டிவிட்டார். வாய் குழறியது, உடம்பு நடுங்கியது. தைப்பனியில் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சுற்றியிருந்தவர்கள் அவருக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். திருநீறு பூசி, வேலாயுதத்தை அவர் கையில் கொடுத்து, “வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா” என்று குரல் எழுப்பினார்கள். பாதயாத்திரையில் இது நாள்தோறும் நடக்கிறது. ஆடுபவரைத் தொடாமல் வட்டமாக நின்று வழிவிடுவதுதான் மரியாதை. அதைத்தான் செய்தார்கள்.

மைத்துனர் பின்னால் என்னோடு வந்துகொண்டிருந்தார். முன்வரிசைக்கும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இடைவெளி. முன்னால் போன கல்லூரி மாணவர் ஒருவர், “உங்க மாமாவுக்கு அருள் வந்திருக்கு, ஆனா பேரைக் கேட்டா சொல்லத் தெரியல” என்று கைபேசியில் கூப்பிட்டார். அந்தப் பையன் பெயரைக் கேட்டது பெரிய காரியம்.

லோடு ஆட்டோவில் ஏறி நாங்கள் போய்ச் சேர 4:45 ஆகிவிட்டது. சர்க்கரை 46. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. சொன்னால் விழுங்கும் நிலையில் இருந்தார். அதனால் குளுக்கோஸ் பொடி மூன்று தேக்கரண்டியை, சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். ஒருவர் கடலை மிட்டாயை நீட்டினார், வேண்டாம் என்றேன். தெளிவில்லாதவருக்கு மெல்லும் பொருள் புரையேறும். தவிர, கடலையின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து 63. மறுபடி அதே அளவு. அடுத்த 15 நிமிடத்தில் 88. பெயர், ஊர், கிழமை எல்லாம் சொன்னார். “ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?” என்று கேட்டார். நாலு பிஸ்கட்டும் ஒரு வாழைப்பழமும் சாப்பிட்டார்.

குழுவில் பலருக்கு அத்தோடு விஷயம் முடிந்தது. நடக்கலாமா என்று அவரே எழுந்தார். ஆனால் அவர் எடுத்தது கிளிமிபிரைடு. அந்த வகை மாத்திரையில், ஏறிய சர்க்கரை பல மணி நேரம் கழித்துக்கூடத் திரும்ப இறங்கலாம். அப்புறம் இரவு ஊசி வேறு இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறது. எனவே இந்த முறை யாரிடமும் கருத்துக் கேட்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். காலை 9 மணிக்கு அங்கே மறுபடி 61-க்கு இறங்கியது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாலை வரை வைத்திருந்து, மணிக்கொரு தடவை பார்த்தார்கள்.

கொப்புளம் அதற்குள் உடைந்திருந்தது. கரும்புள்ளியாகத் தெரிந்தது ஒரு கருவேல முள்ளின் நுனி. அதை எடுத்து, புண்ணைச் சுத்தம் செய்து, டெட்டனஸ் ஊசி போட்டு, ஆன்டிபயாடிக் எழுதினார்கள். கிளிமிபிரைடை நிறுத்தி வைத்து, ஊசி அளவைக் குறைத்தார்கள். இந்தக் காலோடு இனி நடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்.

இரண்டாவது முடிவு

அன்று மாலை மகன் செருப்போடு பக்கத்தில் நின்றான். ஊருக்கு அழைத்துப்போகத் தயாராக இருந்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி, “மாலையோட பாதியில வீட்டுக்குப் போனா நான் யாருக்குப் பதில் சொல்றது?” என்றார். உயிருக்கு ஆபத்து என்று நானும் மகனும் மாற்றி மாற்றிச் சொன்னோம். சரி சரி என்று தலையாட்டினார், அசையவில்லை. சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்பது அவருக்கு இப்போது நன்றாகவே தெரியும். நிற்பதற்கு மரியாதையான ஒரு வழி மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

அதைக் குருசாமிதான் புரிந்துகொண்டார். அன்றிரவு நத்தத்தில் பஜனை முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்தார். இன்றிலிருந்து இந்தச் சாமி சமையல் வண்டியில் வருகிறார், காய் நறுக்குவதும் பந்தி பரிமாறுவதும் அவருடைய பொறுப்பு என்றார். அவர் தோளில் சுமந்த வேலாயுதத்தை மைத்துனர் பழநி வரை சுமப்பார், நேர்த்திக்கடன் அவர் கணக்கில்தான் சேரும், அடியார்க்குச் சோறு போடுவதும் நடைதான் என்றார். பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அவர். முந்தைய நாள் எங்கள் நான்கு பேருக்குள் ரகசியமாக முடிந்த ஏற்பாட்டுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இது எல்லோர் முன்னாலும் சொல்லப்பட்டது என்பதுதான். அன்றிரவு பந்தியில் அவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மகனும் கூடவே தங்கிவிட்டான். சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும் சர்க்கரை பார்ப்பது, காலை எப்போதும் உயரத்தில் வைத்திருப்பது, மண்டபத்துக்குள்ளும் செருப்போடு இருப்பது என்று ஏற்பாடு. செருப்புதான் அவருக்குக் கடைசி வரை சங்கடம். திண்டுக்கல்லில் ஒரு பெரியவர், மாலையோடு செருப்பா என்று கேட்டார். குருசாமி, “நான் சொல்லித்தான் போட்டிருக்கார்” என்று ஒரே வரியில் முடித்தார்.

பின்விளைவு

ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி தாண்டிக் குழு திட்டமிட்ட நாளில் பழநி சேர்ந்தது. மலைக்கு 693 படி. அவரையும் மகனையும் விஞ்ச்சில் அனுப்பினோம். பூச நெருக்கத்தில் அதற்கான வரிசையே படியேறும் நேரத்தைவிட நீளம். வேலை மைத்துனர் மேலே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் பாதப் புண்ணுக்குச் சிகிச்சை தொடர்ந்தது. இடது காலில் எடை விழாமல் தனிச் செருப்பு, வாராவாரம் கட்டு. புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. பட்டறையில் நின்று வேலை செய்ய முடியாததால் ஒரு ஆளை வைத்துக்கொண்டார், அந்தச் செலவு தனி. விரல் எதையும் இழக்கவில்லை. எலும்பு வரை போயிருந்தால் கதை வேறு என்று சிகிச்சை அளித்தவர் சொன்னார்.

மாற்றியவை

படிவத்தில் சர்க்கரை, இதயம், வலிப்பு, தினசரி மருந்து ஆகியவற்றுக்குக் கட்டம் வந்தது. அது மட்டும் போதாது. நோயை எழுதினால் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து விட்டுவிடுவார்கள். ஆகவே படிவத்தின் தலைப்பிலேயே, இதை எழுதியதற்காக யாரையும் ஒதுக்க மாட்டோம் என்று அச்சடித்தோம். எழுதியவர்களைக் குருசாமியே தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார். நடக்கும் நாட்களுக்கான மருந்து அளவை அவரவர் மருத்துவரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். நாங்கள் யாரும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வதில்லை. வரும் எல்லோருக்கும் முன்னதாக அந்த விரல் தொடும் சோதனை உண்டு. உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்க அனுமதி இல்லை, செருப்பு குருசாமி கையால் கொடுக்கப்படும். அந்த ஏற்பாடு என் யோசனை இல்லை, அவருடையது. தொட்டித் தண்ணீரை முழங்கையால் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். எல்லோர் இடுப்புப் பையிலும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். இன்னொரு குளுக்கோமீட்டர் முன்வரிசையில் போகிறது.

மாலை போடும் நாளிலேயே, இடையில் நிற்க நேர்ந்தால் என்ன முறை என்பதைக் குருசாமி அறிவித்துவிடுகிறார்: வேலாயுதத்தை இன்னொருவர் சுமப்பார், நின்றவர் சமையல் வண்டியில் சேவை செய்வார், இரண்டும் ஒன்று. பட்டினி கிடந்தால் மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் கிடக்க வேண்டும்.

ஒரு மாற்றத்தில் மட்டும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. யாருக்கு அருள் வந்தாலும் பெயரைக் கேட்க வேண்டும், வியர்வையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், பதில் வரவில்லை என்றால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆடுகிற சாமியை ஊசியால் குத்துவதா என்கிறார்கள். இப்போதைக்கு, படிவத்தில் சர்க்கரை என்று எழுதியவர்களுக்கு மட்டும் அப்படிச் செய்வது என்று விட்டிருக்கிறோம். எழுதாதவர் விழுந்தால் இந்த ஏற்பாடு உதவாது.

அடுத்த யாத்திரைக்கு ஆறு பேர் அந்தக் கட்டத்தில் குறியிட்டார்கள். அவர்களில் நான்கு பேர் முந்தைய வருடமும் எங்களோடு வெறுங்காலில் நடந்தவர்கள்.